சுருட்டை முடி வளரும்வரை சிறு பின்னல்கள் போட்டுக்கொள்ளலாமா? (பெங்களூர்)

சுருள்கேசி எழுதியது:

பெங்களூரில் இருக்கும் தோழிகளிடம் ஒரு யோசனை கேட்க வந்திருக்கிறேன். எனக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. கல்லூரிக் காலத்திலிருந்து பார்லரில் நேராக்கிக்கொண்டே வந்தேன். சென்ற ஆண்டு நிறுத்திவிட்டேன். இப்போது காதுவரை சுருட்டை, அதற்குக் கீழே குச்சி குச்சியாக நேர்முடி. சீப்பு வைத்தால் இரண்டும் சேரும் இடத்தில் பட்பட்டென்று ஒடிகிறது. அலுவலகத்துக்கு விரித்துவிட்டுப் போனாலும் அழகில்லை, கட்டிக்கொண்டு போனாலும் அழகில்லை.

வீடு கல்யாண்நகரில். பக்கத்தில் கம்மனஹள்ளியில் ஆப்பிரிக்கப் பாணியில் தலை முழுவதும் சிறு சிறு பின்னல்கள் போட்டுவிடும் பெண்கள் இருக்கிறார்கள். "அப்படிப் பின்னிக்கொண்டு முடியை மறந்துவிடு, சுருட்டை தானாக வளர்ந்துவிடும்" என்கிறாள் என் சித்தி மகள். வேலூரில் இருக்கும் அம்மாவோ, "பரட்டை போதாதென்று இது வேறா?" என்கிறார். தை மாதம் வீட்டில் ஒரு கல்யாணம் இருக்கிறது. அதற்குள் புதிதாக வளர்ந்த பகுதியை மட்டும் மறுபடி நேராக்கிக்கொள் என்பது அம்மாவின் கட்சி.

பின்னல் முடியைக் காப்பாற்றுமா, கொட்ட வைக்குமா? பின்னலோடு தலைக்குக் குளிப்பது எப்படி? எங்கள் அடுக்ககத்தில் வருவது போர்வெல் தண்ணீர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குட்டைமுடி எழுதியது:

நேர்முடி முழுவதையும் வெட்டிவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. கேள்வியே மிஞ்சாது.

சுருள்கேசி எழுதியது:

அந்தத் துணிச்சல் இருந்தால் இங்கே ஏன் வருகிறேன்?

ஹெண்ணூர்க்காரி எழுதியது:

எங்கள் வீட்டு மாடியில் பல ஆண்டுகளாக ஆப்பிரிக்க மாணவிகள் குடியிருக்கிறார்கள். ஹெண்ணூர், கொத்தனூர், கம்மனஹள்ளிப் பக்கம் அவர்கள் நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாடியில் ஒருத்தி தரையில் உட்கார்ந்திருப்பாள், இன்னொருத்தி நாற்காலியில் இருந்து பின்னிக்கொண்டிருப்பாள். ஆகவே பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் கேட்பது ஒரே வகைப் பின்னல் அல்ல. தலையோடு ஒட்டி வரப்பு வரப்பாகப் போவது ஒன்று; அதைக் கார்ன்ரோ என்பார்கள். தலையைச் சிறு சிறு கட்டங்களாக வகிடெடுத்து ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரு பின்னல் தொங்கவிடுவது இன்னொன்று. அது பாக்ஸ் பின்னல். இரண்டாவதில் பெரும்பாலும் செயற்கை இழை சேர்ப்பார்கள். முடிச்சுப் போட்டு இழையை வேரிலேயே பூட்டுவது பழைய முறை. இப்போது முடிச்சில்லாமல், உங்கள் முடியில் மூன்று கால் பின்னத் தொடங்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழையை உள்ளே சேர்க்கும் முறையும் வந்திருக்கிறது. நேரம் கூடுதல், கூலியும் கூடுதல். ஆனால் வேரில் இழுப்புக் குறைவு. நீங்கள் போவதாக இருந்தால் இதையே கேளுங்கள். அரைநாள் உட்கார வேண்டியிருக்கும்.

அடுத்தது யாரும் சொல்லாத விஷயம். அந்தப் பெண்களின் முடி இறுகச் சுருண்ட முடி. பின்னினால் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். நம்முடைய சுருட்டை தளர்வானது, வழுக்கும். உங்கள் தலையில் பாதி நேர்முடி வேறு. இரண்டே வாரத்தில் வேரிலிருந்து நழுவ ஆரம்பிக்கும். அது தெரிந்த பின்னல்காரி, நழுவக் கூடாதே என்று இறுக்கிப் பிடிப்பாள். அங்கேதான் வினை. "நழுவினால் பரவாயில்லை, இறுக்க வேண்டாம்" என்று உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். நெற்றியோரத்திலும் காதோரத்திலும் இருக்கும் பூனைமுடியைப் பின்னலில் சேர்க்கவே வேண்டாம்.

செயற்கை இழை சிலருக்கு அரிக்கும். என் மகளுக்கு அரித்தது. மாடியில் இருந்த பெண், முதல்நாள் இரவே இழையை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசச் சொன்னாள். வெள்ளையாக ஒரு படலம் மிதந்து வந்தது. அதற்குப் பிறகு அரிப்பு இல்லை.

இன்னொன்று: "முடியை மறந்துவிடு" என்று உங்கள் தங்கை சொன்னது தவறு. பின்னலுக்குள் இருக்கும் முடியைத்தான் அதிகம் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அல்சூர் அத்தை எழுதியது:

நூறு பின்னல் எதற்கு, கண்ணு? நல்ல தேங்காய் எண்ணெயைத் தடவி, அழுந்தச் சீவி, ஒற்றைப் பின்னலாகப் போட்டால் எந்த முடியும் வழிக்கு வரும். நாங்கள் எல்லாம் சீயக்காயும் சாம்பிராணிப் புகையுமாக வளர்த்த முடி இது. எனக்கும் சுருட்டைதான். யாரும் பரட்டை என்று சொன்னதில்லை. எண்ணெய் வழிய வழிய இருந்ததால் சொல்ல இடம் கொடுக்கவில்லை. கூந்தல் உள்ள மகராசி அள்ளி முடிகிறாள் என்பார்கள். உனக்குக் கடவுள் கொடுத்திருக்கிறான். அதைக் கொண்டுபோய்க் கயிறு திரிக்கக் கொடுக்கிறாயே!

வெள்ளைக்கோட்டு எழுதியது:

தோல்நோய்ப் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். அத்தை கோபித்துக்கொள்ளக் கூடாது: அழுந்தச் சீவிய ஒற்றைப் பின்னலும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

மயிர்க்காலை நாள்தோறும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் முடி உதிரும். 1907-லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் இதைப் பார்த்து ஓர் ஆஸ்திரிய ஆய்வாளர் எழுதியிருக்கிறார்; அவர்கள் முடியை உச்சியில் இறுக்கிக் கட்டும் வழக்கமுடையவர்கள். நம் நாட்டில் முடியை இறுக்கி முடிந்து தலைப்பாகை கட்டும் சீக்கிய ஆண்களிடமும் இது பதிவாகியிருக்கிறது. ஆகவே ஆப்பிரிக்கப் பின்னல், தமிழ்ப் பின்னல் என்ற வேறுபாடு மயிர்க்காலுக்குத் தெரியாது. எவ்வளவு இழுப்பு, எத்தனை காலம் என்ற இரண்டு மட்டுமே அதற்குத் தெரியும்.

எங்கே பார்க்க வேண்டும் என்றால், நெற்றியோரம், காதுக்கு முன்னால், பிடரிக்கு மேல். தொடக்கத்தில் வலி, எரிச்சல், மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரும். அந்தக் கட்டத்தில் இழுப்பை நிறுத்திவிட்டால் முடி திரும்ப வளரும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகிவிடும். அதற்குப் பிறகு எந்த எண்ணெயும் மருந்தும் அதை எழுப்பாது. நெற்றியோரத்தில் மெல்லிய முடி ஒரு வரிசை மட்டும் நின்று, அதற்குப் பின்னால் வழுக்கையாக இருக்கிறதா? இந்த நோயின் கையெழுத்தே அதுதான்.

பின்னிய அன்று இரவு வலியால் தூக்கம் வரவில்லையென்றால் வலி மாத்திரை போட வேண்டாம். பின்னலை அவிழுங்கள்.

அல்சூர் அத்தை எழுதியது:

என் நெற்றி ஏன் இவ்வளவு அகலம் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இருந்தாலும் எண்ணெயை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேதியியல் டீச்சர் எழுதியது:

எண்ணெயை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை, அத்தை. 2003-இல் மும்பையின் மாரிகோ நிறுவன ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் உள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடித்தண்டுக்குள் நுழைகிறது. மற்றவை வெளியே நிற்கின்றன. அந்த நிறுவனம் தேங்காய் எண்ணெய் விற்பது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதன் பயன் குளிப்பதற்கு முன் தடவுவதில் இருக்கிறது. அதுவும் முடியின் நீளத்துக்கு. பொடுகு இருக்கும் தலையில் எண்ணெயை வழிய விட்டுப் பின்னி வைத்தால், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அது விருந்து. கொழுப்பு அமிலத்தைத் தின்றே அது வாழ்கிறது.

சீயக்காய் பற்றியும் ஒரு சொல். பொடியாகப் போட்டுப் பின்னல் தலையைத் தேய்த்தால், சக்கை பின்னலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவிழ்க்கும்வரை வெளியே வராது. சீயக்காய்தான் வேண்டும் என்றால் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

இனிக் கல்யாணத்துக்கு நேராக்கும் விஷயம். முடியின் உருவத்தைப் பிடித்துவைப்பது, முடியின் புரதமான கெரட்டினில் உள்ள கந்தகப் பிணைப்புகள். நிரந்தரமாக நேராக்கும் மருந்து அவற்றை உடைக்கிறது. சூட்டுப் பட்டையால் நேராக இழுத்து, இன்னொரு மருந்தால் அதே நிலையில் மறுபடி பூட்டுகிறார்கள். அப்படிப் பூட்டிய முடி சுருட்டைக்குத் திரும்பாது. வேரிலிருந்து புதிதாக வருவதுதான் சுருளும். வளர்ந்த பகுதியை இப்போது நேராக்கினால் சென்ற ஆண்டு முழுவதும் பொறுத்துக்கொண்டது வீண். தவிர, அந்த மருந்து எல்லைக்கோட்டைத் தாண்டி ஏற்கெனவே பூட்டிய முடியில் பட்டால், ஒடிவது இன்னும் கூடும்.

"இது கெரட்டின்தான், மருந்து இல்லை" என்று பார்லரில் சொன்னால், புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு உட்காருங்கள். ஃபார்மால்டிஹைடு வேண்டாம் என்று கிளையாக்ஸிலிக் அமிலத்துக்கு மாறியவை பல. அது தோல் வழியாக உடலுக்குள் போய், சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் படிகங்களாகப் படிந்து பாதித்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. 2024-இல் வெளிவந்த ஒன்றில், நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் அதே பெண்ணுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் கல்யாணத்துக்கு இது கட்டுபடியாகுமா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

சுருள்கேசி எழுதியது:

டீச்சர் எழுதியதை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சிறுநீரகம்" என்ற சொல்லைப் பார்த்ததும் கட்சி மாறிவிட்டார். இப்போது சவுரி வைத்துக்கொள் என்கிறார்.

கண்டோன்மெண்ட் எழுதியது:

எனக்கு வேறு ஒரு நெருடல். அந்தப் பின்னல் ஒரு மக்களின் வரலாறு. அமெரிக்காவில் அதைப் போட்டுக்கொண்டதற்காகவே வேலை மறுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2019-இல் கிரௌன் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்துதான், முடியின் இயல்பையும் பின்னல் பாணியையும் காரணம் காட்டி ஒருவரை வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. 2016-இல் பிரிட்டோரியாவில் பெண்கள் பள்ளி ஒன்றின் மாணவிகள், தங்கள் இயல்பான முடியைக் குறைசொல்லும் விதிகளை எதிர்த்துப் போராடினார்கள். மாகாணக் கல்வித் துறை தலையிட்டு அந்த விதிகளை நிறுத்திவைத்தது. இத்தனை பாடு பட்டவர்களின் அடையாளத்தை நாம் அலுவலக அலங்காரமாக எடுத்துக்கொள்வது சரியா?

குட்டைமுடி எழுதியது:

காசு கொடுத்துப் பின்னிக்கொள்ளப் போகிறார். திருடவில்லை.

ஹெண்ணூர்க்காரி எழுதியது:

கண்டோன்மெண்ட் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கேள்வியைப் பின்னலோடு நிறுத்திவிட்டால் எப்படி? இதே ஊரில் ஆப்பிரிக்க மாணவர் என்றால் வீடு இல்லை என்று பலகை வைக்காத குறையாகச் சொல்லும் தெருக்கள் எத்தனை! 2016 ஜனவரியில் ஹெசரகட்டா பக்கம் ஒரு தான்சானிய மாணவியைக் கூட்டம் தாக்கியது நினைவிருக்கிறதா? யாரோ செய்த விபத்துக்கு இவள் அடிவாங்கினாள். நான் மாடியை வாடகைக்கு விட்டபோது என் சொந்த அண்ணனே மூன்று மாதம் பேசவில்லை.

மாடிப் பெண்ணிடமே கேட்டேன். "உங்கள் பெண்கள் பின்னிக்கொண்டால் எனக்கு வருமானம். ஆனால் பின்னிவிட்டுப் போகும்போது படிக்கட்டில் என்னைப் பார்த்து முகம் திருப்பாமல் இருந்தால் நல்லது" என்றாள். எல்லா ஆப்பிரிக்கப் பெண்களுக்காகவும் அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. சுருள்கேசி போய் உட்காரட்டும், பெயர் கேட்கட்டும், பேரம் பேசாமல் கூலி கொடுக்கட்டும். அரைநாள் நின்றுகொண்டு செய்யும் வேலை அது.

கண்டோன்மெண்ட் எழுதியது:

பேரம் பேசக் கூடாது என்பதை மட்டும் முழுமையாக ஏற்கிறேன். மற்றதில் எனக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை.

குழாயடி எழுதியது:

எல்லோரும் பின்னலையே பேசுகிறீர்கள். போர்வெல் தண்ணீர் என்று அவர் எழுதியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுக்ககச் சங்கத்தில் தண்ணீர்க் குழுவில் இருப்பவன் என்ற முறையில் நான் பேசுகிறேன்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. அதன்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 600வரை பொறுத்துக்கொள்ளலாம். பெங்களூரின் கிழக்கு, வடக்குப் புறங்களில் ஆழத்திலிருந்து வரும் போர்வெல் தண்ணீர் 200-ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சங்கத்திடம் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. கால்சியமும் மக்னீசியமும் முடிமேல் படிந்தால் சுருட்டை முடி சொரசொரப்பாகி இன்னும் சிக்காகும். சோப்பு போட்டால் பிசுக்குப் படலம் வேறு. பின்னலுக்குள் அது படிந்தால் கேட்கவே வேண்டாம்.

வழிகள் உண்டு. மாதம் ஓரிரு முறை இ.டி.டி.ஏ. சேர்ந்த ஷாம்பு போட்டால் படிந்த உப்பைப் பிடித்து இழுத்துவரும். புட்டியில் அந்த எழுத்துகளைத் தேடுங்கள். கடைசியாக அலசும் ஒரு வாளி மட்டும் காவிரித் தண்ணீராகவோ வடிகட்டிய குடிநீராகவோ இருக்கட்டும். சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சிலர் தலைக்கு ஊற்றுகிறார்கள். தரை துடைக்க அது சரி, தலைக்குச் சரியல்ல. விலக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

2024 அக்டோபரில் பெங்களூருக்கான காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கியது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், 110 கிராமங்களுக்கு என்று திட்டம். உங்கள் கட்டடம் இணைப்புக்கு விண்ணப்பித்ததா என்று பாருங்கள். வைப்புத்தொகை அதிகம் என்று தள்ளிப்போடும் சங்கங்கள் டேங்கருக்கு அதைவிட அதிகம் கொட்டுகின்றன. இங்கே பேச்சு தலைமுடி பற்றியது என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

சுருள்கேசி எழுதியது:

அறிக்கை கேட்டேன். 540 என்றிருக்கிறது. பின்னல்காரி மேல் பழி போட இருந்தேன்; பாதிப் பழி குழாய்க்கு.

சவுரி யோசனை பற்றி யாராவது சொல்லுங்கள். சிறு பின்னல்களில் செயற்கை இழைக்குப் பதில் மனித முடி சேர்க்கலாமா?

அல்சூர் அத்தை எழுதியது:

சவுரி வைத்துப் பின்னி, நுனியில் குஞ்சலம் கட்டினால் கல்யாண வீடே திரும்பிப் பார்க்கும். அந்தக் காலத்தில் சீப்பில் வரும் முடியைச் சுருட்டிச் சுருட்டிச் சேர்த்து வைத்து, கட்டிக் கொடுப்பவர்களிடம் கொடுத்துச் சவுரியாக்கிக்கொள்வோம். நம் முடி நமக்கே திரும்பும். இப்போது சிக்கு முடி வாங்க வருபவர் அதற்குப் பதிலாகக் கிண்ணம் கொடுத்துவிட்டுப் போகிறார்.

வேதியியல் டீச்சர் எழுதியது:

அந்தக் கிண்ணத்துக்குப் பின்னால் பெரிய வணிகம் இருக்கிறது, அத்தை. திருப்பதியில் காணிக்கையாக வரும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கமாகக் கலையாமல் கிடைப்பதால் அதற்கு நல்ல விலை. 2004-இல் இது கோயில் முடி என்பது தெரியவந்ததும், மரபுவழி யூதர்களின் குருமார்கள், அது வேறு தெய்வத்துக்குப் படைத்தது என்பதால், அதில் செய்த பொய்முடியை அணியக் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். நியூயார்க் தெருக்களில் அவற்றைக் கொளுத்தினார்கள். எங்கள் பாட்டி நேர்ந்துகொண்டு இறக்கிய முடியும் அதில் இருந்திருக்கலாம்.

சிறு பின்னலுக்கு மனித முடி வேண்டாம் என்பேன். வழுக்கும், விலையும் மிக அதிகம். செயற்கை இழைக்குப் பிடிப்பு இருப்பதால்தான் அதைச் சேர்க்கிறார்கள். அதிலும் இடுப்புவரை நீளம் கேட்காதீர்கள். எடை முழுவதையும் தாங்கப்போவது உங்கள் மயிர்க்கால்தான். தோள்வரை போதும்.

ஹெண்ணூர்க்காரி எழுதியது:

இழையே சேர்க்காமல் சொந்த முடியில் மட்டும் எட்டுப் பத்துப் பின்னல் போட்டுக்கொள்ளலாமே! அலுவலகத்துக்கு அவற்றைச் சேர்த்துப் பிடரியில் தளர்வாகக் கட்டிக்கொண்டால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. நழுவினால் ஞாயிற்றுக்கிழமை நீங்களே மறுபடி பின்னிக்கொள்ளலாம். கம்மனஹள்ளிக்குப் போய் வகிடெடுக்கும் முறையை மட்டும் ஒருமுறை கற்றுக்கொண்டு வாருங்கள்.

கழுவும் முறை கேட்டிருந்தீர்கள். கூர்மூக்கு வைத்த சாஸ் புட்டியில் ஷாம்புவைத் தண்ணீராகக் கலந்துகொண்டு, வகிடு வகிடாகத் தலைத்தோலில் விட்டு, விரல் நுனியால் மட்டும் தேய்க்க வேண்டும். பின்னலைத் துணி துவைப்பது மாதிரி கசக்கக் கூடாது. இறங்கும் நுரையே பின்னலுக்குப் போதும். அலசியதும் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுங்கள். பிறகு உள்வரை உலர வேண்டும். ஆகஸ்டு மாத பெங்களூரில் இதுதான் பெரும்பாடு. ஈரத்தோடு படுத்தால் மறுநாள் தலை நாறும். குளிர்காற்றில் வைத்த டிரையர் கொஞ்ச நேரம். தலைக்குக் குளிப்பதைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தலையணைக்குச் சாட்டின் உறை. இணையத்தில் கொள்ளை விலை. சிக்பேட்டையில் லைனிங் துணி மீட்டர் கணக்கில் வாங்கித் தைத்துக்கொள்ளலாம்.

சுருட்டைத்தம்பி எழுதியது:

ஆண்களும் கேட்கலாமா? எனக்குத் தோள்வரை சுருட்டை. ஆறு வாரம் பின்னியிருந்து நேற்று அவிழ்த்தேன். கை நிறைய முடி வந்துவிட்டது. வழுக்கை விழப்போகிறதா?

வெள்ளைக்கோட்டு எழுதியது:

கணக்குப் போடலாம், தம்பி. நல்ல தலையிலிருந்து நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பின்னலுக்குள் இருக்கும்போது அவை கீழே விழ வழியில்லாமல் அங்கேயே நிற்கின்றன. ஆறு வாரத்துக்கு, குறைந்த கணக்கிலேயே, 2,100 முடி. மொத்தமாகப் பார்த்தால் யாருக்கும் பதறும். ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் காலம் முடிந்து உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் குட்டைத் துண்டுகளாக இருந்தால் ஒடிந்தது. முதலாவதற்குக் கவலை வேண்டாம். இரண்டாவது நிறைய இருந்தால் சீவும் முறையைப் பாருங்கள். வட்டம் வட்டமாகத் தலைத்தோல் தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ஹெண்ணூர்க்காரி எழுதியது:

அவிழ்த்த கையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாயா, தம்பி? நிறையப் பேர் அங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். உதிர்ந்த முடியும் வேரடியில் சேர்ந்த அழுக்கும் நனைந்தால் திரிதிரியாகத் திரண்டுவிடும், பிறகு கத்தரிக்கோல்தான். முதலில் கண்டிஷனரை வழுக்கலாகத் தடவி, விரலால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, அதன்பின் அகலப்பல் சீப்பு, எல்லாம் முடிந்த பிறகு ஷாம்பு. சுருள்கேசிக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். சுருட்டையும் நேர்முடியும் சேரும் இடத்தில் சீப்பை வேகமாக இழுத்தால் இத்தனை வாரப் பொறுமையும் சீப்போடு வந்துவிடும்.

சுருட்டைத்தம்பி எழுதியது:

ஊற்றிவிட்டேன், அக்கா. கத்தரிக்கோல் வரை போகவில்லை. மாலை முழுவதும் அம்மா உட்கார்ந்து எடுத்தார். குமிழ் இருக்கிறது, டாக்டர். நன்றி.

சுருள்கேசி எழுதியது:

எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இழை சேர்க்கப்போவதில்லை. சொந்த முடியில் பத்துப் பின்னல், இறுக்காமல். நெற்றியோரம் வெளியே. ஒரு மாதம் போனதும் அவிழ்த்து, ஒரு வாரம் தலைக்கு ஓய்வு. ஒவ்வொரு முறை அவிழ்க்கும்போதும் நேர்முடியில் இரண்டு விரற்கடை வெட்டிக்கொள்வேன். குட்டைமுடிக்கு இது பாதி வெற்றி.

மொத்த நேர்முடியும் போக எவ்வளவு காலம் ஆகும் என்று யாராவது தோராயமாகச் சொல்ல முடியுமா?

வெள்ளைக்கோட்டு எழுதியது:

தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும். ஆண்டுக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர். பின்னல் போட்டால் வேகமாக வளரும் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். வளர்ச்சி மயிர்க்காலில் நடப்பது, பின்னல் செய்வதெல்லாம் வளர்ந்தது ஒடியாமல் பார்த்துக்கொள்வது. தோள்வரை முழுச் சுருட்டை வேண்டும் என்றால் இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சுருண்ட முடி நீட்டிப் பார்ப்பதைவிடக் குட்டையாகத் தெரியும் என்பதால் கண்ணுக்கு இன்னும் தாமதமாகத் தெரியும்.

குட்டைமுடி எழுதியது:

அல்லது ஒரு மணி நேரம்.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

ஒரு நடைமுறைச் சந்தேகம். தினமும் ஸ்கூட்டரில் அவுட்டர் ரிங் ரோடு வழியாகப் போகிறேன். பின்னல் தலையில் ஹெல்மெட் உட்காருமா? என் தோழி உச்சியில் கொண்டையாகச் சுற்றிக்கொண்டு ஹெல்மெட்டை அதன்மேல் கவிழ்த்து வைத்தாற்போலப் போகிறாள்.

ஹெண்ணூர்க்காரி எழுதியது:

அது ஹெல்மெட் போட்டதாகாது. உங்கள் தோழியிடம் சொல்லிவிடுங்கள், விழுந்தால் முதலில் கழன்று போவது அதுதான். பின்னல்களைப் பிடரிக்குக் கீழே தளர்வாகக் கட்டி, முதுகுப் பக்கம் தொங்கவிடுங்கள். உச்சியில் எதுவும் இருக்கக் கூடாது. அடியில் மெல்லிய சாட்டின் தொப்பி போட்டால் ஹெல்மெட்டின் உள்துணி முடியை உரசாது. வியர்வையில் ஊறிய உள்துணியைக் கழற்றித் துவைக்க முடிகிற ஹெல்மெட்டாகப் பாருங்கள்; இல்லையென்றால் தலையை எவ்வளவு கழுவியும் பயனில்லை. புதிதாக வாங்குவதாக இருந்தால் பின்னிய தலையோடு கடைக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள். ஐ.எஸ். 4151 முத்திரை இருக்க வேண்டும், பட்டை மாட்டியபின் கையால் அசைத்தால் நகரக் கூடாது. நகர்ந்தால், அல்லது பின்னலால் உள்ளேயே இறங்கவில்லை என்றால், ஹெல்மெட்டைப் பெரிதாக வாங்காமல் பின்னலின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.